கேசிகாவின் நடுப்பெயர்

பேச்சு எழுந்த நேரத்தில் அந்த வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர் மகேந்திரராசா, அவருடைய மகன் கீர்த்திகன், மருமகள் விஜிதா, பத்தியக்கறிக்குச் சரக்கு அரைத்து எடுத்துக்கொண்டு நகரின் இன்னொரு பகுதியான பிரான்காச்சோவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த அவருடைய தங்கை சறோஜா, பிறந்து ஐந்து நாளான, இன்னும் பெயர் வைக்காத பெண்குழந்தை. வேறு ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. இத்தாலியின் பலெர்மோ நகரில் இருக்கிற தமிழ்ச் சனத்தில் பாதிப்பேர், அன்று அந்த அறைக்குள் தாங்களும் நின்றதுபோலத்தான் இப்போது கதைக்கிறார்கள்.

வீடு கபோச் சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்தது. மாடிப்படி செங்குத்து. அந்தப் படியை எழுபத்தொரு வயதிலும் கைப்பிடியைத் தொடாமல் ஏறுகிறவர் மகேந்திரராசா. இந்த நகரத்துக்கு வந்து முப்பத்தாறு வருடம். அதில் இருபத்தெட்டு வருடம் ஒரே சிஞ்ஞோராவின், அதாவது ஒரே எசமானியம்மாவின், வீட்டில் வேலை செய்தார். கோடையிலும் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டுதான் தெருவில் இறங்குவார். யாரிடமும் ஒரு சொல் கேளாமல் வாழ்ந்தவர் என்று அவரைப் பற்றிச் சனம் சொல்லும். சொல்லவேண்டும் என்றுதான் அவரும் அப்படி வாழ்ந்தார்.

அன்று காலையில்தான் யாழ்ப்பாணத்து ஐயர் நட்சத்திரம் பார்த்துத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். புனர்பூசம், எழுத்து 'கே'. கேசிகா என்ற பெயரை விஜிதா சொன்னாள். எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. வழக்கப்படி முப்பத்தோராம் நாள் துடக்கு, அதாவது பிள்ளைப்பேற்றுத் தீட்டு, கழித்த பிறகுதான் பெயர் வைக்கவேண்டும். ஆனால் இத்தாலிக்காரனின் சட்டம் பத்து நாளுக்கு மேல் பொறுக்காது. அதற்குள் நகரசபைக் கந்தோரில் பிறப்பைப் பதியவேண்டும்.

பதிவதென்றால் குடும்பப் பெயர் வேண்டும். நமக்கு அது கிடையாது. தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்கு முதலெழுத்து. கலியாணம் கட்டினால் பெண்ணுக்குப் புருசன் பெயர். இது இங்கே ஒருவருக்கும் விளங்குவதில்லை. கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் எதுவோ, அதையே குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். அப்படித்தான் மகேந்திரராசா இந்த நகரத்தில் சிஞ்ஞோர் பாலசுந்தரம் ஆனார். பாலசுந்தரம் அவருடைய தகப்பனார். இங்கே பிறந்த கீர்த்திகனும் பாலசுந்தரம் ஆனான். விஜிதா மட்டும் கலியாணத்துக்குப் பிறகும் கடுதாசிகளில் அருளையாதான். இத்தாலியில் பெண்ணின் பிறந்தவீட்டுப் பெயரை மாற்றமாட்டார்கள்.

அருளையா விஜிதாவின் தகப்பன். விசுவமடுவில் உழவு இயந்திரம் ஓட்டியவர். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வைகாசியில், போரின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பாலத்தைக் கடந்த சனத்துக்குள் காணாமல்போனார். இருக்கிறார் என்று சொல்லவும் ஆள் இல்லை, இல்லை என்று சொல்லவும் ஆள் இல்லை.

"மாமா, ஒண்டு கேக்கட்டோ?" விஜிதா கட்டிலில் இருந்தபடியே கேட்டாள்.

"கேள் பிள்ளை."

"கேசிகாவுக்குப் பிறகு, உங்கடை பேருக்கு முன்னம், நடுவிலை அப்பான்ரை பேரையும் போட்டால் என்ன?"

சறோஜா முந்திக்கொண்டாள். "ஆற்றை அப்பா?"

"என்ரை அப்பா, மாமி."

"இதென்ன புதுக் கூத்து? பிள்ளைக்குத் தகப்பன் இல்லையோ? அந்தா நிக்கிறான், ஆறடியிலை."

கீர்த்திகன் சிரிக்கப் பார்த்தான். தகப்பனின் முகத்தைக் கண்டதும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். "மாமி, இப்ப இஞ்சை சட்டமே அப்பிடித்தான். ரெண்டு பேற்றை பேரும் போடலாம்."

"சட்டம் உனக்கு. எனக்குச் சனம். நாளைக்கு வுச்சீரியாத் தமிழ்க் கடையிலை மிளகாய்த்தூள் வாங்கப் போனால் என்னைத்தான் கேப்பினம், 'என்ன சறோஜாக்கா, உங்கடை அண்ணர் பெண்வீட்டோடை போயிட்டாரோ' எண்டு."

மகேந்திரராசா குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்துவதில்லை. "பிள்ளை, உன்ரை தகப்பனை நான் குறைச்சுச் சொல்லேல்லை. ஆனால் இஞ்சை தாயின்ரை பேரோடை வளர்ற பிள்ளையை எப்பிடிப் பாப்பினம் எண்டு எனக்குத் தெரியும். அது வேண்டாம்."

விஜிதா தலையைக் குனிந்து, குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். 

அவருக்குத் தெரியும் என்றது வெறும் பேச்சல்ல. சிஞ்ஞோராவின் வீட்டில் நுன்சியா என்றொரு சமையற்காரி இருந்தாள். நுன்சியாவின் மகளுக்குத் தாயின் குடும்பப் பெயர்தான். தகப்பன் வந்து கையெழுத்து வைக்காத பிள்ளை என்பது அதற்கு அர்த்தம். அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் அந்தச் சிறுமியின் முழுப்பெயரைச் சொல்லும்போதெல்லாம் குரலை ஒருபடி இறக்கிச் சொல்வார்கள். திட்டுகிறதுமில்லை, பழிக்கிறதுமில்லை. குரலை மட்டும் இறக்குவார்கள். முப்பது வருடத்துக்கு முந்திய அந்தக் குரல் மகேந்திரராசாவின் காதைவிட்டுப் போகவில்லை. தன் பேத்தியின் பெயரை யாரும் குரலை இறக்கிச் சொல்லக்கூடாது.

வெளியே சொல்லாத காரணமும் ஒன்று இருந்தது. கீர்த்திகனுக்கு வன்னியில் பெண் எடுத்தபோது பலர் பலவிதமாகக் கதைத்தார்கள். பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுக்கத் தகப்பன்கூட இல்லையே என்றார்கள். அவர் நிமிர்ந்து நின்றே அந்த வாய்களை அடைத்தார். அவை மறுபடி திறப்பதை அவர் விரும்பவில்லை.

எட்டாம் நாள், கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு மகனோடு கந்தோருக்குப் போனார். பதிவு செய்கிறவள் முப்பத்தைந்து வயதுக்காரி. மூக்குக்கண்ணாடியைத் தலைமயிரில் செருகியிருந்தாள். கீர்த்திகனைப் பார்த்து, "குடும்பப் பெயர் இரண்டும்தானே? எந்த ஒழுங்கில்?" என்று கேட்டாள்.

"தகப்பனுடையது மட்டும்," என்றார் மகேந்திரராசா, தன்னுடைய திருத்தமான இத்தாலியனில்.

அவள் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள். "நீங்கள் யார்?"

"தகப்பனுக்குத் தகப்பன்."

"வாழ்த்துகள். ஆனால் உங்களை நான் கேட்கவில்லை."

கீர்த்திகன் சுவரைப் பார்த்தான்.

அவள் பொறுமையாகத்தான் விளக்கினாள். முந்திய காலம் போய்விட்டது. இப்போது தாய் தகப்பன் இருவரின் பெயரும் பிள்ளைக்கு உண்டு. ஒன்று மட்டும் போதுமென்றால் இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்து வைக்கவேண்டும். என்னுடைய மகனுக்கும் இரண்டு பெயர்தான், கூப்பிட நீளம், ஆனால் பழகிவிட்டது என்று சிரித்தாள். குரலை இறக்காமல் சொன்னாள். மகேந்திரராசா அதைக் கவனித்தார்.

"தாய் வரமுடியாது. முப்பத்தொரு நாள் கழியாமல் வெளியே வருவதில்லை," என்றார்.

"ஐயோ, காய்ச்சலா?"

துடக்கு என்பதை இத்தாலியனில் சொல்ல முயன்றார். அவள் மேலும் பயந்துபோனாள். கடைசியில் ஒரு படிவத்தை நீட்டினாள். வீட்டில் வைத்தே கையெழுத்து வாங்கி, அடையாள அட்டைப் பிரதியோடு கொண்டுவந்தால் போதும். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று இரண்டு பெயருக்கும், மற்றது ஒரு பெயருக்கு மட்டும். அடியிலே தாய்க்கு ஒரு கோடு, தகப்பனுக்கு ஒரு கோடு.

வீட்டுப் படியில் ஏறும்போது அவர் மகனிடம் சொன்னார். "நீயே கேட்டு வாங்கு. உன்ரை மனுசிதானே."

கீர்த்திகன் இரண்டாம் மாடியில் நின்றுவிட்டான். "நான் கேக்கமாட்டன் அப்பா. உங்களுக்கு வேணுமெண்டால் நீங்கள் கேளுங்கோ."

அவன் தகப்பனுக்கு மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதைச் சத்தம்போட்டுச் சொல்லியிருந்தால் மகேந்திரராசாவுக்குக் கோபம் வந்திருக்கும். அவன் மெதுவாகச் சொன்னான். அதனால் ஒன்றும் செய்யமுடியவில்லை.

பின்னேரம் அவர் கதவைத் தட்டிவிட்டு அறை வாசலில் நின்றார். விஜிதா குழந்தையை ஏணையில் வளர்த்திவிட்டு நிமிர்ந்தாள்.

"பிள்ளை, இதிலை ஒரு கையெழுத்து வேணுமாம்."

அவள் வாங்கி வாசித்தாள். வந்த மூன்றாம் வருடமே இத்தாலியனை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கப் பழகியவள். கடைசி வரிவரைக்கும் வாசித்தாள்.

"அப்பான்ரை பேர் வேண்டாமெண்டு நான் சொல்லுற கடுதாசி, என்ன மாமா?"

"வேண்டாமெண்டில்லை. எங்கடை பேர் மட்டும் காணும் எண்டதுதான்."

"ரெண்டும் ஒண்டுதானே."

அவர் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஊரிலையும் ஒரு கந்தோரிலை இப்பிடித்தான் ஒரு கடுதாசியை நீட்டினவை. அப்பா செத்துப்போனார் எண்டு ஒப்புக்கொள்ளுற கடுதாசி. அம்மா பேனையைத் திருப்பிக் குடுத்திட்டா. பிறகு என்னட்டைத் தந்தவை. நானும் வைக்கேல்லை. எனக்கு அப்ப இருவது வயசு." அவள் குரலில் குறை ஒன்றும் இல்லை. "நீங்கள் சொன்னால் வைப்பன் மாமா. இந்த வீட்டிலை நீங்கள் என்னை ஒருநாளும் ஒரு சொல்லுச் சொன்னதில்லை. ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டு வைக்கட்டோ?"

"சொல்லு."

"பெர்மெஸ்ஸோ விசா புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை நிக்கேக்கை, 'அருளையா!' எண்டு கூப்பிடுவினம். நான் கையை உயர்த்துவன். இந்த உலகத்திலை அப்பான்ரை பேரை இன்னும் ஒராள் சத்தமாக் கூப்பிடுறதெண்டால் அங்கை மட்டும்தான் மாமா. சனம் அந்த வரிசையைத் திட்டும். எனக்கு அங்கை போக விருப்பம். எனக்குப் பிறகு அதுவும் இல்லை. இவள் பள்ளிக்கூடம் போனால், ரீச்சர் இடாப்புக் கூப்பிடேக்கை அந்தப் பேரும் வருமெண்டு நினைச்சன். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுப் பேனையைக் கையில் எடுத்தாள்.

"பொறு," என்றார் மகேந்திரராசா. அவள் கையிலிருந்து பேனையை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "அவசரமில்லை. இன்னும் நாள் இருக்கு."

மறுநாள் காலையில் பத்தியக்கறிக்குப் பால்சுறா கிடைக்குமா என்று பார்க்கச் சந்தைக்கு இறங்கினார். கூனைப்பூவும் கத்தரிக்காயும் குவிந்த பெட்டிகளுக்கு நடுவே வழி பார்த்துக்கொண்டு நடந்தார். மீன்காரன் தூரத்திலேயே கண்டுவிட்டான்.

"பாலா! ஓ பாலா!"

முப்பது வருடமாக அவன் அப்படித்தான் கூப்பிடுகிறான். முப்பது வருடமாக மகேந்திரராசாவும், "பாலசுந்தரம்" என்று திருத்திக்கொண்டு வருகிறார். அது சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த பகிடி. அவர் வாயைத் திறக்கும்வரை பக்கத்துக் கடைக்காரர்களும் காத்திருப்பார்கள். அன்று அவர் திருத்தவில்லை. மீன்பெட்டிக்கு முன்னால் கையில் பையோடு அப்படியே நின்றார்.

அவருடைய ஐயா, அந்தப் பாலசுந்தரம், செத்தது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. அப்போது பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம், நாட்டைவிட்டு வெளியே போகமுடியாது. போரால் ஊருக்குப் பாதையும் இல்லை. கொள்ளி வைக்க மூத்த மகன் போகவில்லை. உடன்பிறந்தவரின் பிள்ளையான பெறாமகன்தான் வைத்தான். செய்தி தொலைபேசியில் ஒரு பின்னேரம் வந்தது. அடுத்தநாள் காலை ஏழு மணிக்குச் சிஞ்ஞோரா மாடியிலிருந்து வழக்கம்போலக் கூப்பிட்டாள்: "பாலசுந்தரம்!"

அவர் கோப்பியோடு படியின் அடியில் நின்றார். கால் எழவில்லை. சிஞ்ஞோரா மறுபடி கூப்பிட்டாள். இரண்டாவது முறையும் கேட்ட பிறகுதான் மேலே போனார்.

அதன் பிறகு ஏழெட்டு மாதம், அவள் எப்போது கூப்பிட்டாலும் அவர் முதல் குரலுக்குப் போகவில்லை. இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று நிற்பார். அவருக்குக் காது மந்தமாகிறது என்று நினைத்துச் சிஞ்ஞோரா வைத்தியருக்குக்கூடச் சொல்லிவைத்தாள். இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. உயிரோடு இருந்தவரை மனைவிக்கும் சொல்லவில்லை. ஒரு பெரிய மனிதர் இந்த வீட்டில், இந்தத் தெருவில், இந்தச் சந்தையில் தினமும் கூப்பிடப்பட்டுக்கொண்டே இருந்தார். மகன் அதைக் கேட்டுக்கொண்டே முப்பது வருடம் வாழ்ந்துவிட்டான்.

"பாலா, நித்திரையா?" மீன்காரன் சுறாவைத் தூக்கிக் காட்டினான்.

"இல்லை. நிறு," என்றார்.

வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு, மேசையில் படிவத்தை விரித்தார். முதல் கட்டத்தில் அடையாளம் போட்டார். தன்னுடைய வடிவான கையெழுத்தில், முதலில் அருளையா, அடுத்து பாலசுந்தரம் என்று லத்தீன் எழுத்தில் எழுதினார். பிறகு மருமகளையும் மகனையும் கூப்பிட்டு, கோடுகளைக் காட்டினார்.

விஜிதா பார்த்தாள். பிறகும் பார்த்தாள். "மாமா, கட்டம் மாறிப்போச்சு."

"மாறேல்லை. வை."

"சனம்..."

"சனத்துக்கு நான் இருக்கிறன். முன்னாலை பேத்தி நிக்கிறாள், பின்னாலை என்ரை ஐயா நிக்கிறார். நடுவிலை நிக்கிறவர் இனித் துலையமாட்டார்."

அவள் கையெழுத்து வைத்தாள்.  கீர்த்திகனும் வைத்துவிட்டு, தகப்பனைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

பத்தாம் நாள் கந்தோரில் அதே பெண்தான் இருந்தாள். படிவத்தைப் பார்த்தாள். இந்த முறை கீர்த்திகனைக் கேட்டதோடு நிற்காமல், கிழவரையும் கேட்டாள். "இரண்டு பெயருமா?"

"இரண்டும்."

"நிச்சயமா, சிஞ்ஞோர் பாலசுந்தரம்? போனமுறை வேறு சொன்னீர்கள். பிறகு மாற்றுவது லேசில்லை."

"நிச்சயம். எழுதியதைச் சத்தமாக ஒருமுறை வாசியுங்கள்."

அவள் வாசித்தாள். நடுப்பெயரில் நாக்குக் கொஞ்சம் தடுக்கியது. ஆனாலும் கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"கேட்கவில்லை. இன்னொருமுறை."

"அப்பா, உங்களுக்குக் காது கேக்கேல்லையோ?" கீர்த்திகன் தமிழில் கேட்டான்.

"ஓம், கேக்கேல்லை," என்றார் மகேந்திரராசா. இந்தக் கதை முழுவதிலும் அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அவள் இன்னொருமுறை வாசித்தாள். இம்முறை நாக்குத் தடுக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் வீடு கழுவி, இங்குள்ள ஐயர் வந்து புண்ணியாகம் செய்தார். சனம் படிவரைக்கும் நின்றது. விசுவமடுவிலிருந்து விஜிதாவின் தாய், சம்பந்தி சிவபாக்கியம், கைத்தொலைபேசியின் திரையில் வந்தார். பெயரைக் குழந்தையின் காதில் சொல்லும் நேரம் எல்லோரும் மகேந்திரராசாவைப் பார்த்தார்கள். அவர் தொலைபேசியை வாங்கிக் குழந்தையின் காதோடு பிடித்தார்.

"நீங்கள் சொல்லுங்கோ தங்கச்சி. முழுப்பேரையும்."

 அங்கே கோழி ஒன்று கொக்கரித்தது. பிறகு சிவபாக்கியம் மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லும்போது குழந்தை கொட்டாவி விட்டது. கூட்டம் சிரித்தது. விஜிதாவும் சிரித்தாள்.

அதே நேரம் குசினிக்குள் சறோஜா பாயாசம் ஊற்றிக்கொண்டே ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அதை ஏன் கேக்கிறியள்? கந்தோர்க்காரி பிழையாப் பதிஞ்சு போட்டாள். எங்கடை பேருகளை இவங்கள் எப்பதான் ஒழுங்கா எழுதினவங்கள்? திருத்தப் போனால் ரெண்டு வருசம் இழுக்குமாம். அண்ணை பாவம், பிள்ளைக்கு அலைச்சல் வேண்டாமெண்டு விட்டிட்டார்."

சறோஜா இதை அண்ணனின் மேலுள்ள பாசத்தில் சொன்னாள். நம்புவதும் லேசு. பெயர் குழம்பாத தமிழ்க் குடும்பம் ஒன்று இந்த நகரத்தில் இல்லை. பொழுது சாய்வதற்குள் கதை வுச்சீரியாக் கடைக்குப் போய், அங்கிருந்து பிரான்காச்சோவுக்கும் போய்விட்டது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அது சரியல்ல. கந்தோரில் பிழை ஒன்றும் நடக்கவில்லை. பதிவு செய்தவள் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் பதில் சொன்னவர் மகேந்திரராசா.